வேப்பிலை தெரியாமல் எடுத்த வீடியோ

மகனே,

நேற்று மத்தியானம் உன் அம்மா உன்னைப் பார்த்துவிட்டு வந்தவள், பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். உன் வக்கீல் டைப் அடித்துக் கொடுத்த தாளாம். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தேன். எனக்கு அறுபத்தாறு வயதாகிவிட்டது, கொஞ்ச காலமாக நினைவு தடுமாறுகிறது, கோர்ட்டில் நீதிபதியம்மா கேட்டபோது பதற்றத்தில் நடக்காததை நடந்ததாகச் சொல்லிவிட்டேன், ஆகவே அன்றைக்கு நான் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருந்தது. கோபம் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. குமட்டிக்கொண்டு வந்தது. கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்க, எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உன் அம்மா, "கையெழுத்து தானே, போட்டுக் குடுத்துட்டா அவன் நிம்மதியா இருப்பான்" என்றாள். அதற்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவன் நான். தினசரி டிரிப் ஷீட்டைத் தவிர நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. அதனால் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவும் போவதில்லை. உன் அம்மா படிக்கட்டும். உன் வக்கீல் படிக்கட்டும். உன்னைப் போலவே ஞாயிற்றுக்கிழமை தோறும் யாரோ ஒருத்தியின் கேட்டுக்கு முன்னால் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பன்கள் யாராவது படித்தால் அதுவும் நல்லதுதான்.

உனக்கும் ரம்யாவுக்கும் நடந்த சண்டையில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை என்பதுதான் உண்மை. மாடியறையில் உங்கள் குரல் உயரும்போதெல்லாம் நான் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டேன். ஒருநாள் காலையில் லேபுக்கு வேலைக்குப் போகிற அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே ரம்யா என்னிடம் கேட்டாள்: "மாமா, உங்க புள்ளகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" புருஷன் பொண்டாட்டி சண்டையில் நான் என்ன சொல்வது என்று கேட்டு அவளை அனுப்பிவிட்டேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, நான்கு வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு மண்ணூர்பேட்டையில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நீ கேஸ் போட்டாய்.

கேஸ் முடிய எத்தனை வருஷம் ஆகுமோ, அதுவரை குழந்தை யாரிடம் இருப்பது, யார் எப்போது பார்ப்பது என்று கோர்ட் ஒரு இடைக்கால ஏற்பாடு செய்தது. குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும், அப்பா முதல் இரண்டு மாதம் சனிக்கிழமைகளில் கோர்ட்டில் இருக்கிற குழந்தைகள் அறையில் வந்து பார்க்கட்டும், அதற்குப் பிறகு ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெண்ணின் வீட்டிலிருந்து கூட்டிப்போய் மாலை ஐந்துக்குத் திருப்பி விடட்டும், புதன்கிழமை ஏழு மணிக்குப் பதினைந்து நிமிஷம் வீடியோவில் பேசட்டும் என்று உத்தரவு. அன்றைக்கு நீ கோர்ட் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "என் பொண்ணப் பாக்கறதுக்கு நான் பர்மிஷன் வாங்கணுமா நைனா" என்றாய். முதல் சனிக்கிழமை குழந்தை தன்ஷிகா உன்னைப் பார்த்ததும் ஓடிவந்து உன் காலைக் கட்டிக்கொண்டாள். நீ அவளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சின்ன அறையை நாலு சுற்றுச் சுற்றி வந்தாய். அந்த ஒரு காட்சியை நம்பித்தான் அதற்குப் பிறகு நீ சொன்னதையெல்லாம் நான் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தொடங்கியதும் மூன்று வாரம் நீயே போய்க் கூட்டிவந்தாய். நாலாவது வாரம் ஆபீஸில் வேலை என்றாய். அதன் பிறகு காட்டுப்பாக்கத்திலிருந்து வானகரம் வழியாக ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போய் அவளைக் கூட்டிவருகிற வேலை என்னுடையதாயிற்று. நான் போகும்போது நீ தூங்கிக்கொண்டிருப்பாய், நாங்கள் வரும்போது குளித்துக்கொண்டிருப்பாய். ரம்யா குழந்தையை ஒரு கவுனில் அனுப்புவாள். இங்கே வந்ததும் உன் அம்மா அதைக் கழற்றிவிட்டு நாம் வாங்கிய கவுனைப் போடுவாள். ஐந்து மணிக்குப் பழையபடி மாற்றி அனுப்புவாள், நம் பொருள் அந்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. அங்கே ஒரு செருப்பு, இங்கே ஒரு செருப்பு. அங்கே வாங்கிய பொம்மை இங்கே வரக் கூடாது, இங்கே வாங்கியது அங்கே போகக் கூடாது. ஒரு மாதத்துக்குள் அந்தக் குழந்தை இதெல்லாம் கற்றுக்கொண்டது. ஸ்கூட்டரில் ஏறும்போதே தலையிலிருந்த கிளிப்பை எடுத்து அவள் அம்மாவிடம் கொடுத்துவிடும். நம் வீட்டில் சாப்பிடும்போது, யாரும் கேட்காமலே, "அங்க சாப்பாடு நல்லாவே இருக்காது" என்று சொல்லும். உன் அம்மாவின் முகம் மலரும். அங்கே போய் நம் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் இதையே சொல்லியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஐந்து வயதில் இரண்டு வீட்டுக்கும் வேண்டியதைச் சொல்லப் பழகியிருந்தது.

நீ போனில் "ஆதாரம்" என்று ஒரு குரூப் ஆரம்பித்தாய். நீ, நான், உன் அம்மா, வக்கீல். குழந்தையைக் கூட்டிவந்ததும் உடம்பில் ஏதாவது காயமோ கடியோ இருக்கிறதா என்று பார்த்துப் போட்டோ எடுத்து அதில் போடச் சொன்னாய். நான் எடுத்தேன். கொசு கடித்த இடம், முழங்காலில் விழுந்து சிராய்த்த இடம், பென்சில் குத்திய உள்ளங்கை. சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு முழங்கைக்குக் கீழே ஒரு சிவப்புத் தடிப்பை நான் படம் எடுத்தபோது, "எதுக்கு தாத்தா?" என்று கேட்டாள். "அழகா இருக்கியேன்னுதாம்மா" என்றேன். அவள் நம்பினாள். அடுத்த வாரம் வந்ததும் தானாகவே சட்டைக் கையை மேலே தூக்கிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தாள். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. கொசுக்கடிக்குப் பக்கத்தில் அவள் சிரிப்பு. அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. நான் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நீ குழந்தையை எதிரே நாற்காலியில் உட்கார வைத்து, போனை டீப்பாயில் சாய்த்து வைத்து, அம்மா போனில் யாரோடு பேசுகிறாள் என்று கேட்டாய். பாட்டியோடு என்றாள். அப்புறம் என்றாய். சித்தியோடு என்றாள். ஒரு மாமா வீட்டுக்கு வருகிறாரா என்று கேட்டாய். இல்லை என்றாள். சாக்லேட்டைக் காட்டிவிட்டு மறுபடி கேட்டாய். இல்லை என்றாள். "நல்லா யோசிச்சு சொல்லுடா செல்லம், லேப்லேர்ந்து ஒரு மாமா வர்றாரு இல்ல?" என்றாய். அவள் சாக்லேட்டைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரை உயர்த்திக்கொண்டேன். "ஆமா" என்றாள். நீ போனை எடுத்து நிறுத்தினாய், சாக்லேட்டைக் கொடுத்தாய், எழுந்து மாடிக்குப் போய்விட்டாய். அவள் என்னிடம் வந்து காகிதத்தைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னாள். பிரித்துக் கொடுத்தேன். அந்த "ஆமா" உன் மனுவில் ஆறாவது பத்தியாக வந்தது. படித்துக் காட்டும்போது உன் வக்கீல் சிரித்தார், நீயும் சிரித்தாய். அறுபத்தாறு வயதில் முதல்முறையாக, என் மகனின் சிரிப்பைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

இதையெல்லாம் நீ எங்கே கற்றாய் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். யோசிக்கவே வேண்டியதில்லை. உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது உன் அம்மா என்னோடு சண்டை போட்டுக்கொண்டு ஆவடிக்கு, அவள் அண்ணன் குவார்ட்டர்ஸுக்குப் போய் மூன்று வாரம் இருந்தாள். நீ என்னோடு இருந்தாய். பள்ளிக்கூடம் விட்டதும் உன்னைத் தெரிந்த கண்டக்டரிடம் சொல்லி பஸ் ஏற்றி அங்கே அனுப்புவேன். அம்மாவைப் பார்க்கத்தான் அனுப்புகிறேன் என்று ஊருக்குச் சொன்னேன். திரும்பி வந்ததும் பேக்கரியில் உட்கார வைத்து, ஒரு கிரீம் பன் வாங்கிக் கொடுத்து, அங்கே யார் வந்தார்கள், உன் மாமன் என்ன சொன்னான், என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று கேட்பேன். முதல் நாள் உனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து நிறையச் சொன்னாய். மாமா என்னைக் குடிகாரன் என்றார் என்றாய். அதைப் பிடித்துக்கொண்டு நான் ஆவடிக்குப் போய்க் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று சத்தம் போட்டேன். உன் மாமா அப்படிச் சொல்லவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. பன் நின்றுபோகக் கூடாது என்று நீயாகச் சேர்த்துச் சொன்னது. அதற்காக உன்னை நான் கண்டித்தேனா என்றால், இல்லை. கெட்டிக்காரப் பையன் என்று டிப்போவில் சொல்லிச் சிரித்தேன். இதைப் பற்றி நான் உன்னிடம் இதுவரை பேசியதில்லை. இப்போது சொல்கிறேன்: நான் செய்தது கேடுகெட்ட வேலை. உன்மேல் எனக்கு வரும் அருவருப்பில் பாதி என்மேலேயே வருகிறது.

இனி அந்த ஞாயிறு. வெள்ளிக்கிழமையே ரம்யா உனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது, டாக்டர் சீட்டு இது, இரண்டு வாரம் அனுப்ப முடியாது, வேண்டுமானால் அதற்குப் பிறகு கூடுதலாக இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்று. அதை எனக்கும் நீ காட்டினாய். அப்புறம் வக்கீலிடம் பேசினாய். ஞாயிறு காலையில், பல மாதத்துக்குப் பிறகு, எனக்கு முன்பே எழுந்து சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றாய். குழந்தைக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போகலாமா என்று நான் கேட்டேன். நீ வண்டியைக் கிளப்பினாய். மண்ணூர்பேட்டையில் அவர்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, என் கையில் உன் போனைக் கொடுத்தாய். "நைனா, நீ எடு. கேட்டு, நானு, கதவத் தொறக்க மாட்டேன்றது, அவ்ளோதான் தெரியணும். மேல காட்டாத" என்றாய்.

மேலே என்ன என்று நிமிர்ந்து பார்த்தேன். கதவு நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலை செருகியிருந்தது. கேட்டிலும் இரண்டு கொத்து. வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து ஈரம் காயவில்லை. அம்மை போட்ட வீட்டு வாசலில் வெளியாள் போய் நிற்கக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நான் அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. போனைத் தூக்கிப் பிடித்தேன். நீ கேட்டிலிருந்த இரண்டு வேப்பிலைக் கொத்தையும் கையால் எடுத்துக் கீழே போட்டுவிட்டு, எடு என்று எனக்குத் தலையசைத்தாய். மணி பத்து என்று சத்தமாகச் சொன்னாய், கோர்ட் உத்தரவு இருக்கிறது, என் குழந்தையை அனுப்பு என்றாய். ரம்யா வெளியே வந்தாள். தலை வாரவில்லை, கண் வீங்கியிருந்தது, எத்தனை ராத்திரி விழித்தாளோ. கீழே கிடந்த வேப்பிலையைப் பார்த்தாள், போனோடு நிற்கிற என்னைப் பார்த்தாள். என்னிடம்தான், "நீங்களுமா மாமா?" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுதான் உனக்கு வேண்டியிருந்தது. "போதும், நிறுத்து" என்றாய்.

நீ வண்டியை எடுக்கப் போன பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன். திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு தன்ஷிகா நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் கொப்புளம், கன்னத்தில் மஞ்சள் பூச்சு. என்னைக் கண்டதும் கையை ஆட்டினாள். நான் என்னையறியாமல் இரண்டடி முன்னால் போனேன். அவள் கையை முன்னால் நீட்டித் தடுத்து, "தாத்தா, கிட்ட வராதீங்க, உங்களுக்கும் ஒட்டிக்கும்" என்றாள். நமக்கு ஒட்டிவிடக் கூடாது என்று அந்தப் பிஞ்சு கவலைப்பட்டது. நாம் அவள் வாசலில் என்ன செய்துவிட்டுப் போகிறோம் என்று அதற்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தபோது உன் அம்மா நம் இருவரையும் உள்ளே விடாமல், பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டு வரச் சொன்னாள். நீயும் மறு பேச்சில்லாமல் குளித்தாய். அடுத்த வாரம் உன் வக்கீல் ஒரு மனு போட்டார். குழந்தைக்கு அம்மை என்பது கட்டுக்கதை, டாக்டர் சீட்டு தெரிந்த இடத்தில் வாங்கியது, கோர்ட் உத்தரவை வேண்டுமென்றே மீறினாள், ஆகவே குழந்தையை அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று. கூடவே, நேரில் கண்ட சாட்சியாக என் பெயரில் ஒரு வாக்குமூலம். பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் கையெழுத்து வாங்கினார்கள். நான் படிக்கவில்லை. படித்தால் போட முடியாது என்று உள்ளுக்குள் தெரிந்ததால்தான் படிக்கவில்லை.

கோர்ட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் நான் பதறினேன் என்று எழுதி வாங்கப் பார்க்கிறாய், அதனால் சொல்கிறேன். நீதிபதியம்மா வீடியோவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். இதை எடுத்தது யார் என்று கேட்டார். உன் வக்கீல் என்னைக் காட்டினார். என்னை முன்னால் கூப்பிட்டு, பெரியவரே, நீங்கள் அன்றைக்கு அங்கே பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார். எனக்குக் கை நடுங்கவில்லை, நாக்கு குழறவில்லை. ஜன்னலில் நின்ற அந்த முகம் மட்டும்தான் கண்ணில் நின்றது. "வேப்பெல கட்டியிருந்துச்சும்மா. கொழந்தைய நானே ஜன்னல்ல பாத்தேன், ஒடம்பெல்லாம் அம்ம. வேப்பெல தெரியாம எடுக்கச் சொன்னான், நானும் எடுத்தேன். தப்பு என்னுதுதான்" என்றேன். ரம்யா தலையைக் குனிந்துகொண்டாள். நீதிபதியம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு உன்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்க விரும்பவில்லை. மனு தள்ளுபடியானது. எனக்கும் ஒரு எச்சரிக்கை கிடைத்தது, அது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, பழையபடி சனிக்கிழமை பத்திலிருந்து ஒன்று வரை கோர்ட்டிலுள்ள குழந்தைகள் அறையில், அப்பா மட்டும், என்று உத்தரவை மாற்றினார்கள்.

வெளியே வந்ததும் பைக் ஸ்டாண்டில் நீ என்னைக் கேட்டாய்: "நீ யாருக்கு அப்பன் நைனா? எனக்கா, அவளுக்கா?" நீ அம்பத்தூரில் ஆபீஸுக்குப் பக்கத்தில் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாய். உன் அம்மா என்னோடு பேசுவது அளவாகிவிட்டது. பதில் இப்போது சொல்கிறேன். உனக்குத்தான் அப்பன். அவளுக்கு அப்பனாக இருந்திருந்தால் அன்றைக்கு மாடியில் சத்தம் கேட்டபோதே ஏறி வந்திருப்பேன். உனக்கு அப்பனாக இருந்ததால்தான் டிவி சத்தத்தைக் கூட்டினேன், பேப்பரை உயர்த்தினேன், வீடியோ எடுத்தேன். அந்த மாதிரி அப்பனாக இனி இருக்கப் போவதில்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன். கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். வேறு தாள் அனுப்பாதே.

ஆனால் நான் சொல்ல வந்தது இதைவிடப் பெரியது. உத்தரவு மாறி நாலு சனிக்கிழமை ஆகிவிட்டது. நாலிலும் நீ போகவில்லை. போனில் உன் அம்மா கேட்டபோது, "ஆயாம்மா பாத்துகினு கீற ரூம்ல குந்திகினு பேச நான் இன்னா ஜெயில்லயா கீறேன்" என்று சொன்னாயாம். அன்றைக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதவனும் நீதான். வாரத்துக்கு மூன்று மணி நேரம் உன் மகள் உனக்காக அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே போட்டோ எடுக்க விட மாட்டார்கள், கேள்வி கேட்டுப் பதிவு செய்ய விட மாட்டார்கள். அவளோடு விளையாடுவதைத் தவிர அங்கே செய்ய உனக்கு ஒன்றுமில்லை. அதனால்தான் போகவில்லை என்று நினைக்கும்போது, எழுதுகிற இந்தக் கையே கூசுகிறது.

நீ போகிறாயா என்று பார்க்க இரண்டாவது வாரத்திலிருந்து நான் போகிறேன். உத்தரவில் என் பெயர் இல்லை, ஆகவே உள்ளே விட மாட்டார்கள். விடவும் கூடாது. வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ரம்யா சம்பளத்தை விட்டு லீவ் போட்டுவிட்டு, குழந்தைக்கு ஜடை பின்னி, சொன்ன நேரத்துக்குக் கூட்டிவந்துவிடுகிறாள். அம்மைத் தழும்பு கன்னத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒரு மணிக்கு அந்த அறையைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் ரிஜிஸ்டரில் "தந்தை வரவில்லை" என்று எழுதி, ரம்யாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார். போன சனிக்கிழமை அவர்கள் வெளியே வந்தபோது தன்ஷிகா என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். வருத்தமாக இருப்பாள், என்ன சொல்லித் தேற்றுவது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். "தாத்தா, இன்னைக்கும் அப்பா வரல. நாங்க ஜெயிச்சுட்டோம்" என்றாள்.

நான் ரம்யாவைப் பார்த்தேன். அவள் முகம் செத்துப்போயிருந்தது. "எங்கம்மா ஒரு நாள் போன்ல பேசிகினு இருந்தாங்க மாமா, அவன் வராதது நம்ம கேசுக்கு நல்லதுன்னு. இவ கேட்டுட்டா போல" என்றாள். அவர்கள் வீட்டிலும் நம் வீட்டைப் போலத்தான் என்று நினைத்து ஆறுதல் அடைய ஒரு நிமிஷம் என் மனம் தாவியது. அந்த மனத்தைக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. பெற்ற அப்பன் தன்னைப் பார்க்க வராததை ஜெயம் என்று ஒரு ஆறு வயதுக் குழந்தை எண்ணுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று விரல் விட்டு எனக்கு எண்ணியும் காட்டினாள். பஸ் வந்ததும் கையை ஆட்டிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

கேஸ் எப்போது முடியும், யாருக்குக் குழந்தை என்று எனக்குத் தெரியாது. இடைக்கால ஏற்பாடு என்று கோர்ட் சொல்வது பெரியவர்களுக்குத்தான் இடைக்காலம். அவளுக்கு அதுதான் வயது. நான்கும் ஐந்தும் இதில் போய்விட்டது, ஆறும் போய்க்கொண்டிருக்கிறது. வருகிற சனிக்கிழமை பத்து மணிக்கு அங்கே போ. போனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போ. அந்த அறையில் உனக்குப் பொருந்தாத சின்ன பிளாஸ்டிக் நாற்காலிதான் இருக்கும், கீழே உட்கார்ந்துகொள். அவள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. உன்னைப் பார்த்ததும் அவள் முகம் வாடலாம், தோற்றுவிட்டோமே என்று நினைக்கலாம், பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். மூன்று மணி நேரமும் அப்படியே இருந்தாலும் நீயும் இரு. அடுத்த சனிக்கிழமையும் போ. நீ வருவது தோல்வி இல்லை என்று அவளுக்குத் தெரிவதற்கு எத்தனை வாரம் ஆகுமோ, அத்தனை வாரமும் போ.

அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. மேல் பல்லா, கீழ்ப் பல்லா என்று நான் சொல்ல மாட்டேன். போய்ப் பார்.

உன் அப்பன்